நகர்நலம் பேணிய அறிஞர் பேட்ரிக் கெடிஸ்

நுழையும்முன்

நான்கு சுவர்களும் ஒரு கூரையும் சேர்ந்தால் கட்டடம் உருவாகும். அதில் வாழ்வோர் அண்டை வீட்டாரோடு கூடி வாழும்போதுதான் அது குடியிருப்பாகும். நெரிசல் மிகுந்த பழைய தெருக்களை இடித்துத் தள்ளுவதே நகரச் சீரமைப்பு என்று ஆட்சியாளர்கள் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில், இடிக்காமலே திருத்தலாம், மக்களை வெளியேற்றாமலே நலம் பெருக்கலாம் என்று செய்து காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் ஆசிரியராகத் தொடங்கி நகரமைப்பு வல்லுநராக உயர்ந்த அவர், தமிழகத்தின் தெருக்களிலும் நடந்து ஆய்வு செய்தவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குன்றும் தோட்டமும்

ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் பகுதியில் உள்ள பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பேட்ரிக் கெடிஸ் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் கெடிஸ் படைவீரராகப் பணியாற்றியவர். தாயார் ஜேனட். கெடிஸ் அக்குடும்பத்தின் கடைசிக் குழந்தை. அவர் சிறுவராக இருக்கும்போதே குடும்பம் பெர்த் நகரை ஒட்டிய குன்றின் சரிவில் இருந்த ஒரு சிறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தது.

அவ்வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. மண்ணைக் கொத்தவும் விதையிடவும் செடிகளைப் பேணவும் தந்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். குன்றின்மேல் ஏறி நின்றால் டே ஆறும் வயல்களும் பெர்த் நகரத்தின் தெருக்களும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியும். ஆறும் வயலும் நகரும் தனித்தனியானவை அல்ல, ஒன்றையொன்று சார்ந்து வாழ்பவை என்னும் எண்ணம் அச்சிறுவரின் உள்ளத்தில் அங்கே ஊன்றப்பட்டது. தோட்டத்தில் கற்ற பொறுமையும் குன்றின்மேல் பெற்ற பார்வையும் வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு அகலவில்லை.

பள்ளிக் கல்வி முடிந்ததும் பெற்றோர் விருப்பப்படி வங்கியில் சேர்ந்தார். ஓராண்டிற்கு மேல் அங்குப் பணியாற்றியபோதும் மனம் அதில் படியவில்லை. பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலச் சென்றார். உயிருள்ள செடியைவிட உலர்ந்த செடிக்கே அங்கு முதன்மை தரப்படுவதாக உணர்ந்ததால், ஒரு வாரத்திலேயே வெளியேறினார். இலண்டனுக்குச் சென்று, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் மாணவராகச் சேர்ந்தார். அதன்பின் பிரான்சு நாட்டில் சிலகாலம் பயின்றபோது, சமூகவியல் அறிஞர் லெ பிளே வகுத்த ஆய்வுமுறை அவரைக் கவர்ந்தது. மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் அவர்கள் வாழும் இடம், செய்யும் தொழில், வாழும் குடும்பம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அம்முறை. உயிரினத்தையும் அதன் சூழலையும் பிரிக்காமல் ஆராயப் பழகியிருந்த கெடிஸுக்கு, மனிதரையும் அவ்வாறே ஆராயலாம் என்பது புதிய வழியைக் காட்டியது.

இருண்ட அறையில் பிறந்த ஒளி

1879ஆம் ஆண்டு உயிரினங்களைத் திரட்டும் பணிக்காகக் கெடிஸ் மெக்சிகோ நாட்டிற்குச் சென்றார். அங்கு அவருடைய கண்பார்வை பாதிக்கப்பட்டது. பல வாரங்கள் இருண்ட அறையிலேயே இருக்க நேர்ந்தது. நுண்ணோக்கியையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டிருந்த இளம் அறிவியலாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அறையின் சன்னலில் இருந்த கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தார். சதுரங்களாக அமைந்திருந்த அச்சட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கருத்தை இருத்தி, ஒன்றற்கொன்று உள்ள தொடர்பை மனத்திலேயே வரைந்தார். பின்னாளில் காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து, இடம், தொழில், மக்கள் ஆகியவற்றின் உறவுகளை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற முறைக்கு அவ்விருண்ட அறையே பிறப்பிடம். பார்வை மீண்டது. எனினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்க இயலாமற்போனது. நுண்ணுயிர்களை ஆராயத் தொடங்கிய அவருடைய கண்கள் நகரங்களை நோக்கித் திரும்பின.

இடிந்த வீடுகளும் இடம்பெயர்ந்த மக்களும்

மெக்சிகோவிலிருந்து திரும்பிய கெடிஸ், எடின்பரோவில் தாவரவியல் கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். அந்நகரம் அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. கோட்டைக் குன்றிலிருந்து சரிந்து செல்லும் முதுகெலும்பு போன்ற நெடுந்தெருவின் இருபுறமும் பழைய நகரம் இருந்தது. பல மாடிகள் கொண்ட உயர்ந்த கல் வீடுகளும் அவற்றிற்கிடையே ஒடுங்கிய சந்துகளும் அதன் அடையாளங்கள். ஒரு காலத்தில் செல்வரும் வறியவரும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தி வாழ்ந்த இடம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து செல்வர்கள் வடக்கே அமைந்த புதிய நகரத்திற்குக் குடியேறினர். பழைய நகரம் ஏழைகளின் கையில் விடப்பட்டது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. தண்ணீரைக் குறுகிய படிகளில் சுமந்து ஏற வேண்டியிருந்தது. நோய் பரவியது.

1861ஆம் ஆண்டு நவம்பரில் அங்கிருந்த பல மாடிக் கட்டடம் ஒன்று நள்ளிரவில் சரிந்து விழுந்து 35 பேர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1867இல் நகரச் சீரமைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அச்சட்டத்தின்கீழ்ப் பழைய வீடுகள் வரிசையாக இடிக்கப்பட்டு அகன்ற சாலைகள் அமைக்கப்பட்டன. சாலைகள் அழகாக இருந்தன. ஆனால், வீடிழந்த ஏழைகளுக்கு அச்சாலைகளில் எழுந்த புதிய வீடுகளின் வாடகையைத் தர இயலவில்லை. அவர்கள் எஞ்சியிருந்த பழைய வீடுகளில் போய் ஒண்டினர். ஒரு தெருவில் நீக்கப்பட்ட நெரிசல் அடுத்த தெருவில் இரு மடங்காயிற்று. இடிப்பதால் நெரிசல் ஒழிவதில்லை, அது இடம் மாறுகிறது என்னும் உண்மையைக் கெடிஸ் தம் கண்ணெதிரே கண்டார்.

ஜேம்ஸ் கோர்ட்டில் ஒரு குடும்பம்

1886ஆம் ஆண்டு கெடிஸ், லிவர்பூல் நகர வணிகர் ஒருவரின் மகளான அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். இசைப்பயிற்சியும் மக்கள் பணியில் ஈடுபாடும் கொண்டவர் அன்னா. மறு ஆண்டு அவர்களுக்கு நோரா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அவ்வாண்டிலேயே இருவரும் சுற்றத்தார் வியக்கும் முடிவொன்றை எடுத்தனர். புதிய நகரத்தின் வசதியான வீட்டை விட்டுவிட்டு, பழைய நகரத்தின் நெரிசல் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றக் குடியிருப்பிற்குக் கைக்குழந்தையோடு குடிபுகுந்தனர்.

நூறாண்டுகளுக்கு முன் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் வாழ்ந்த இடம் அது. கெடிஸ் குடும்பம் சென்றபோது அது அழுக்கும் இருளும் மண்டிக் கிடந்தது. வெளியிலிருந்து வந்து அறிவுரை கூறுவோரைக் கண்டு சலித்திருந்த மக்களுக்குக் கெடிஸ் அறிவுரை எதுவும் கூறவில்லை. முதலில் தம் வீட்டைத் தூய்மை செய்தார். சுவர்களுக்கு வண்ணம் பூசினார். சன்னல்களில் பூச்செடிப் பெட்டிகளை வைத்தார். பிறகு பொதுப் படிக்கட்டைக் கழுவினார், பொது முற்றத்திற்குச் சுண்ணாம்பு அடித்தார். அண்டை வீட்டார் முதலில் வேடிக்கை பார்த்தனர். அடுத்து ஒருவர் இருவராக உதவிக்கு வந்தனர். நாளடைவில் அம்முற்றத்தில் வாழ்ந்தோர் தத்தம் வீட்டு முகப்பைத் தாமே திருத்திக்கொண்டனர். வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் சிதைந்த பகுதி மட்டும் நீக்கப்பட்டது. நல்ல நிலையில் இருந்த சுவர் ஒன்றுகூட இடிக்கப்படவில்லை. அங்கு வாழ்ந்தோர் அங்கேயே வாழ்ந்தனர்.

மருத்துவர் நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காப்பதுபோல, நகரத்திலும் சிதைந்த பகுதியை மட்டும் நீக்கி எஞ்சியவற்றைக் காக்க வேண்டும் என்பது கெடிஸின் கொள்கையாயிற்று. காக்கும் அறுவை மருத்துவம் என்னும் பொருள்பட அவர் இதற்குப் பெயரிட்டார். அதற்கு முன்னதாக நோய்நாடல் வேண்டும். நகரத்தின் வரலாறு, நிலம், நீர், தொழில், மக்களின் பழக்கவழக்கம் ஆகியவற்றைக் கால்நடையாகச் சென்று ஆராய்ந்த பின்னரே வரைபடத்தில் கோடு போட வேண்டும் என்பதை அவர் உறுதியாகக் கடைப்பிடித்தார்.

1887இல் பழைய நகரத்திலேயே மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். மேற்பார்வையாளர் இன்றி மாணவர்களே தம்மை ஆண்டுகொள்ளும் விடுதி அது. கோட்டைக்கு அருகில் ராம்சே கார்டன் என்னும் குடியிருப்பை உருவாக்கி, ஆசிரியர்களையும் கலைஞர்களையும் மீண்டும் பழைய நகரத்திற்கு அழைத்து வந்தார். கற்றவரும் தொழிலாளரும் ஒரே தெருவில் நடமாடினால்தான் நகரம் ஒன்றுபடும் என்று அவர் நம்பினார். ஆனால் அவருடைய கனவு கையிருப்பை மீறி ஓடியது. கடன்சுமை ஏறியது. நண்பர்கள் ஒன்றுகூடி 1896இல் நிறுவனம் ஒன்றை அமைத்து அவருடைய கட்டடங்களின் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று. மேலும், ராம்சே கார்டன் வீடுகள் வசதி உள்ளோருக்கே எட்டுவனவாக அமைந்தன. நல்ல நோக்கம் மட்டுமே ஏழைக்கு வீடாகிவிடாது என்பதை அவருடைய வாழ்க்கையே உணர்த்துகிறது.

நோக்குக் கோபுரமும் தெருவோரத் தோட்டங்களும்

1888 முதல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகக் கெடிஸ் பணியாற்றினார். ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் கற்பித்தால் போதும் என்பதால் ஏனைய நாள்களை நகரப் பணிக்கு அளித்தார். 1892இல் எடின்பரோ கோட்டையருகே இருந்த பழைய கட்டடம் ஒன்றை வாங்கி அதனை நோக்குக் கோபுரமாக மாற்றினார். அதன் உச்சியில் நகரத்தின் உயிரோட்டமான காட்சியை மேசைமேல் விழச்செய்யும் கருவி இருந்தது. கீழிறங்கும்போது ஒரு தளத்தில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்காட்லாந்து, அதன்பின் ஐரோப்பா, இறுதியில் உலகம் என்று வரிசையாகப் படங்களும் மாதிரிகளும் வைக்கப்பட்டன. தன் தெருவை அறிந்தவனே உலகை அறிவான் என்பதே அக்கோபுரம் கற்பித்த பாடம்.

அக்கோபுரத்தின் குழுவினர் பழைய நகரத்தில் வெற்றிடமாகவும் குப்பை மேடாகவும் கிடந்த 75 இடங்களைக் கண்டறிந்து கணக்கெடுத்தனர். அவற்றுள் சிலவற்றைச் சிறு தோட்டங்களாக மாற்றும் பணியில் வளர்ந்துவிட்ட மகள் நோரா முன்னின்றார். தெருச் சிறுவர்கள் நீர் ஊற்றினர், மகளிர் செடிகளைப் பேணினர். வீட்டிற்குள் இடமில்லாத மக்களுக்கு அத்தோட்டமே பொது முற்றமாயிற்று.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைத் திரட்டிக் கெடிஸ் நடத்திய நகரக் கண்காட்சி ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்றது. 1913இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அது பரிசும் பெற்றது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, கண்காட்சியோடு இந்தியாவிற்கு வருமாறு கெடிஸை அழைத்தார். 1914ஆம் ஆண்டு கெடிஸும் மகன் அலாஸ்டரும் புறப்பட்டனர். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் சரக்குக் கப்பலில் தனியே அனுப்பப்பட்டன.

அதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசித் தமிழ்மொழிக்கே ஒரு புதுச்சொல்லைத் தந்துவிட்டுச் சென்ற எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல், அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பில் சேர்த்த செல்வம் கடலடியில் மறைந்தது. கெடிஸுக்கு அப்போது வயது 60. அவர் கலங்கி நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் விரைந்து புதிய படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது.

தமிழகத் தெருக்களில்

கண்காட்சியோடு கெடிஸின் பணி முடியவில்லை. சென்னை மாகாண நகரங்களை நேரில் கண்டு சீரமைப்பு அறிக்கைகள் அளிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. மதுரை, தஞ்சாவூர், பெல்லாரி முதலிய நகரங்களின் தெருக்களில் அவர் நடந்தார். அதிகாரிகள் உடன்வரத் தயங்கிய சந்துகளிலும் நுழைந்தார். கோயிலை நடுவாகக் கொண்டு தேரோடும் வீதிகளும் குளங்களும் மரங்களும் சூழ அமைந்த தென்னாட்டுக் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. காஞ்சிபுரத்தை அவர் வியந்து போற்றினார். ஐரோப்பியர் கற்பிக்க வேண்டிய நகரங்கள் அல்ல இவை, ஐரோப்பியர் கற்றுக்கொள்ள வேண்டியவை என்று அவர் கருதினார்.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் அமைந்த நெரிசலான குடியிருப்பை அவர் ஆராய்ந்த முறை இன்றும் நகரமைப்பு மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. அக்குடியிருப்பின் ஊடே நேர்க்கோட்டில் புதிய தெருக்களை வெட்டும் திட்டம் முன்னரே வரையப்பட்டிருந்தது. வரைபடத்தில் அது நேர்த்தியாகத் தெரிந்தது. தரையிலோ அக்கோடுகள் வாழும் வீடுகளின் நடுக்கூடங்களைப் பிளந்து சென்றன. கெடிஸ் ஒவ்வொரு வீடாகப் பார்த்து, எது பாழடைந்தது, எது செம்மையானது, எங்கு மனை வெறுமையாக உள்ளது என்று குறித்துக்கொண்டார். பாழடைந்தவற்றை மட்டும் நீக்கி, வெற்று மனைகளைச் சந்துகளோடு இணைத்தால் காற்றும் வெளிச்சமும் வரும் என்று காட்டினார். இடையிடையே கிடைக்கும் சிறு வெளிகளில் மரம் நட்டால் சிறுவர் விளையாடவும் பெரியோர் அமர்ந்து பேசவும் இடம் கிடைக்கும். வீடிழப்போர் மிகச் சிலரே. செலவும் முந்தைய திட்டத்தின் செலவில் ஒரு சிறு பங்கே.

இத்தகைய ஒப்பீட்டை அவர் பல ஊர்களில் செய்தார். பழைய தெரு வளைந்து செல்வதற்குக் காரணம் இருக்கும். அங்கே ஒரு கிணறு இருக்கலாம், அரசமரமும் மேடையும் இருக்கலாம், சிறு கோயில் இருக்கலாம். அவையே அத்தெரு மக்கள் நாள்தோறும் சந்திக்கும் இடங்கள். அவற்றை நீக்கி நேராக்கப்படும் தெருவில் வண்டிகள் விரைந்து செல்லும், ஆனால் மனிதர் நின்று பேச இடமிராது. எனவே அத்தகைய இடங்களைச் சுற்றியே சீரமைப்பைத் தொடங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

நீரும் நிழலும்

இந்தியாவில் ஏறத்தாழ ஐம்பது ஊர்களுக்குக் கெடிஸ் அறிக்கைகள் எழுதினார். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது நீர்நிலைகளைப் பற்றிய கவலை. மலேரியாவிற்கு அஞ்சிய அதிகாரிகள் நகரக் குளங்களை மண்கொட்டி மூட விரும்பினர். குளத்தை மூடுவது கொசுவிற்கு அஞ்சி ஊரின் மூச்சை அடைப்பதாகும் என்பது கெடிஸின் நிலைப்பாடு. குளத்தைத் தூய்மை செய்து, மீன்களையும் வாத்துகளையும் விட்டால் அவை கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். குளம் வெள்ளத்தைத் தாங்கும், வெப்பத்தைத் தணிக்கும், கரையில் மக்கள் கூடவும் இடம் தரும்.

கழிவுநீரைப் பெருஞ்செலவில் குழாய்களில் கொண்டுசென்று ஆற்றில் கலப்பதைவிட, இயன்ற இடங்களில் தோட்டங்களுக்குப் பாய்ச்சுவதே சிறந்தது என்றும் அவர் எழுதினார். இன்று நீடித்து நிலைக்கும் வளர்ச்சி என்று பேசப்படும் கருத்தின் வேர்களை நூறாண்டுகளுக்கு முந்தைய இவ்வறிக்கைகளில் காணலாம்.

இந்தூர்த் தீபாவளி

1917-18ஆம் ஆண்டுகளில் இந்தூர் அரசின் அழைப்பை ஏற்றுக் கெடிஸ் அங்குப் பணியாற்றினார். கொள்ளைநோய் அந்நகரை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. வரைபடத்தோடு தெருத்தெருவாகத் திரிந்த வெள்ளைக்காரரைக் கண்டு மக்கள் அஞ்சினர். நகரமைப்பு என்றால் வீட்டை இடிப்பது என்றே அவர்கள் அறிந்திருந்தனர். நோயைக் கொண்டுவருபவரே இவர்தாம் என்றும் சிலர் எண்ணினர். அச்சம் நீங்காமல் எத்திட்டமும் நிறைவேறாது என்பதைக் கெடிஸ் உணர்ந்தார். தம்மை ஒருநாள் மன்னராக்குமாறு அரசரை வேண்டினார். அரசரும் இசைந்தார்.

தீபாவளித் திருநாளில் பெரும் ஊர்வலம் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. வழக்கமான வீதிகளில் அது செல்லாது. எந்தத் தெருவினர் தம் வீடுகளை மிகச் சிறப்பாகத் தூய்மை செய்து பழுதுபார்க்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் செல்லும். இவ்வறிவிப்பு ஊரையே எழுப்பிவிட்டது. வீடுகளில் குவிந்திருந்த குப்பைகளை அரசு வண்டிகள் அகற்றின. தெருத்தெருவாக வெள்ளையடிக்கப்பட்டது. ஊர்வல நாளில் நோய்க்கு அறிகுறியான மாபெரும் எலியின் உருவம் இழுத்துச் செல்லப்பட்டது. அதைத் தொடர்ந்து நகரத் தூய்மைப் பணியாளர்கள் புதிய வெள்ளுடை அணிந்து மலர்மாலைகளோடு பெருமிதமாக நடந்து வந்தனர். அதுவரை ஊரார் ஏறிட்டும் பாராத அம்மக்கள் அன்று ஊரின் விருந்தினராயினர். மாதிரி வீடுகளும் பூங்காக்களும் வண்டிகளில் வந்தன. துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. இறுதியில் எலியின் உருவம் தீயிடப்பட்டது.

சட்டத்தால் செய்ய இயலாததை விழா செய்தது. நகரத்தைத் தூய்மைப்படுத்துவது அதிகாரியின் கடமை மட்டுமன்று, தெருவாழ் மக்கள் கூடிச் செய்யும் திருப்பணி என்பதை இந்தூர் உணர்ந்தது.

இழப்பின் ஆண்டு

இந்திய நகரங்களின் நலத்திற்காக உழைத்த ஆண்டுகளிலேயே கெடிஸின் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. கண்காட்சிப் பணியில் தந்தைக்கு வலக்கையாக விளங்கிய மூத்த மகன் அலாஸ்டர் போர்ப்பணிக்குத் திரும்பியிருந்தார். 1917ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரான்சுப் போர்முனையில் அவர் உயிரிழந்தார். அப்போது அன்னா இந்தியாவில் கடும் நோயுற்றிருந்தார். மகன் மறைந்த செய்தியை மனைவியிடம் கூறக் கெடிஸுக்கு மனம் வரவில்லை. அத்துயரத்தை அவர் தனியே சுமந்தார். ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னாவும் காலமானார்.

ஜேம்ஸ் கோர்ட்டின் அழுக்குப் படிக்கட்டில் தம்மோடு நின்ற துணையையும், தம் பணியைத் தொடர்வார் என்று நம்பிய மகனையும் ஒருசேர இழந்த பின்னரும் அவர் பணியை நிறுத்தவில்லை. இந்தூர் ஊர்வலமும் இரு தொகுதிகளாக அமைந்த இந்தூர் அறிக்கையும் இவ்விழப்பிற்குப் பின் வந்தவையே. 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்தியச் சமூகவியலின் முன்னோடியான ஜி. எஸ். குர்யே அவரால் ஊக்குவிக்கப்பட்டவர். அறிவியல் அறிஞர் ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றைக் கெடிஸ் நூலாக எழுதினார். இரவீந்திரநாத் தாகூரோடும் நட்புக்கொண்டிருந்தார்.

நடுவில் தோட்டம், சுற்றிலும் வீடுகள்

பழைய நகரங்களைத் திருத்தும் வல்லுநராக அறியப்பட்ட கெடிஸுக்கு, புதிய நகரப்பகுதி ஒன்றை முழுமையாக வடிவமைக்கும் வாய்ப்பு 1925இல் கிடைத்தது. மத்தியதரைக் கடற்கரையில் விரைவாக வளர்ந்துகொண்டிருந்த டெல் அவிவ் நகரின் விரிவாக்கத் திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 70 வயதைக் கடந்திருந்த அவர் அங்குச் சென்று நிலத்தை நடந்து பார்த்துத் திட்டம் தீட்டினார்.

அத்திட்டத்தின் அடிப்படை அலகு தனி வீடு அன்று, வீடுகளின் தொகுதி. வண்டிகள் செல்லும் அகன்ற சாலைகள் தொகுதியின் வெளிப்புறத்தில் மட்டுமே அமைந்தன. உட்புறத்தில் குறுகிய தெருக்கள். அவை நேராக ஊடுருவிச் செல்லாமல் திரும்பிச் செல்வதால் விரைந்தோடும் வண்டிகள் அவ்வழியை நாடுவதில்லை. தொகுதியின் நடுவில் பொதுத் தோட்டம். வீடுகள் உயரம் குறைந்தவையாக, சுற்றிலும் செடிகளுக்கு இடம் விட்டு அமைய வேண்டும். வீட்டிலிருந்து சில அடி நடந்தால் குழந்தைகள் அத்தோட்டத்தை அடைவர், தாய்மார் அங்குச் சந்திப்பர், முதியோர் நிழலில் அமர்வர். எடின்பரோவின் முற்றமும் தமிழகத்து அரசமரத்து மேடையும் வேறொரு வடிவில் அங்கே எழுந்தன. பிற்காலத்தில் வீடுகள் அவர் எண்ணியதைவிட உயரமாகக் கட்டப்பட்டபோதும், நடுத்தோட்டங்கள் பல இன்றும் உள்ளன. டெல் அவிவின் வெள்ளை நகரம் எனப்படும் அப்பகுதியை யுனெஸ்கோ நிறுவனம் 2003இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இறுதி நாள்கள்

1924இல் பம்பாய்ப் பணியிலிருந்து விலகிய கெடிஸ், பிரான்சின் தென்பகுதியில் உள்ள மான்ட்பெல்லியே நகரில் குடியேறினார். அங்கே வறண்ட குன்று ஒன்றில் கல்லூரி ஒன்றை நிறுவி, கற்களுக்கிடையே தோட்டம் வளர்த்தார். தந்தையிடம் மண்வெட்டி பிடிக்கக் கற்ற சிறுவர் முதுமையிலும் மண்வெட்டியைக் கைவிடவில்லை. 1932ஆம் ஆண்டு ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மான்ட்பெல்லியேயில் அவர் இயற்கை எய்தினார்.

கெடிஸின் வாழ்க்கை வெற்றிகளின் பட்டியல் அன்று. அவர் எழுதிய அறிக்கைகளுள் பல அலுவலக அடுக்குகளில் உறங்கின. அவருடைய பேச்சு நீண்டது, எழுத்து எளிதில் விளங்காதது என்னும் குறைகளும் உண்டு. ஆயினும் அவருடைய கருத்துகள் மாணவர்கள் வழியே பரவின. அமெரிக்க அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்டு அவரைத் தம் ஆசானாகப் போற்றினார். சென்னை மாகாணத்தில் 1920இல் நகரமைப்புச் சட்டம் இயற்றப்படுவதற்கு முன், நகரமைப்பு பற்றிய விழிப்புணர்வை இங்கு விதைத்தவர்களுள் கெடிஸ் முதன்மையானவர்.

இன்று நகரங்கள் முன்னெப்போதையும்விட விரைவாக வளர்கின்றன. மாடிகள் உயர்கின்றன. அடுத்த கதவுக்குப் பின்னால் வாழ்பவரின் பெயர் தெரியாத நிலையும் உடன் வளர்கிறது. தொழில் செய்யும் இடத்திலிருந்து வெகுதொலைவில் குடியமர்த்தப்படும் ஏழைகளுக்குப் புதிய சுவர் கிடைக்கிறது, பழைய உறவு அறுந்துபோகிறது. குடியிருப்பைத் திட்டமிடுவோர் கூரையின் பரப்பை அளப்பதோடு நின்றுவிடாமல், அங்குக் குழந்தை விளையாடும் இடம் எது, முதியோர் அமரும் நிழல் எது, அண்டை வீட்டார் சந்திக்கும் கிணற்றடி எது என்றும் கேட்க வேண்டும். ஒரு கைக்குழந்தையோடு இருண்ட முற்றத்திற்குள் குடிபுகுந்து, முதலில் தம் வீட்டு வாசலைக் கழுவத் தொடங்கிய பேட்ரிக் கெடிஸின் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம் அதுவே.